பிப்பா இனி பல் பிடுங்கிய பாம்பா?

2024 ஆகஸ்ட் 6

சிகாகோ புறநகரான ஷாம்பர்க் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதத்திலிருந்து கார்டு கிடையாதாம், வந்த நேரம், போன நேரத்தைக் கைரேகை வைத்துத்தான் பஞ்ச் பண்ண வேண்டுமாம். இல்லினாயில் அதற்கென்று பிப்பா சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். 'அதைத்தான் போன வாரம் கவர்னர் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாரே, இனி அது பல் பிடுங்கிய பாம்பு' என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா? விரல் வைக்க மாட்டேன் என்று சொல்லலாமா?"

சூப்பர்வைசர் சொன்னது தப்பு. போன வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 2 அன்று, கவர்னர் பிரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்டது ஒரு திருத்தத்தில். சட்டம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாட்டேன் என்று தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. எனக்கு இந்தச் சட்டத்தோடு நேரடிப் பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து விவரமாக எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 6, இரவு

முழுப் பெயர் பயோமெட்ரிக் தகவல் அந்தரங்கச் சட்டம். பயோமெட்ரிக் என்றால் கைரேகை, முகம் மாதிரி உடம்பை வைத்து ஆளை அடையாளம் காண்பது. இங்கே வக்கீல்கள் எல்லோரும் பிப்பா என்றுதான் சொல்கிறார்கள்.

இது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். சான் பிரான்சிஸ்கோவில் பே பை டச் என்று ஒரு கம்பெனி இருந்தது. மளிகைக் கடையில் பில் போடும் இடத்தில் விரலை வைத்தால் போதும், வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும். சிகாகோவையும் இந்த மாநிலத்தின் வேறு ஊர்களையும் இந்த மாதிரி விஷயங்களுக்குச் சோதனைக் களமாக வைத்திருந்தார்கள். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடக் கேன்டீன் என்று சட்டத்தின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது. 2007 கடைசியில் அந்தக் கம்பெனி திவாலானது. திவாலான கம்பெனியின் மேசை நாற்காலியை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அப்படியானால் அது சேர்த்து வைத்திருந்த கைரேகைகள்? அதுவும் சொத்துக் கணக்கில் வருமா? யார் வேண்டுமானாலும் வாங்கலாமா? இந்தப் பயத்தில்தான் தனிமனித உரிமைகளுக்காகப் போராடும் ஏசிஎல்யூ அமைப்பின் இல்லினாய்க் கிளை மசோதாவுக்காகப் பாடுபட்டது. 2008 அக்டோபர் 3 அன்று சட்டமானது. அப்போது ஐபோன் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அதில் விரல் வைக்கும் வசதிகூடக் கிடையாது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். கைரேகை, விழித்திரை, கருவிழி, குரல் பதிவின் அடையாளம், கை அல்லது முகத்தின் வடிவ அளவு இவற்றில் எதையாவது ஒரு தனியார் நிறுவனம் எடுப்பதானால், எடுக்கப்போகிறோம் என்று முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்றும் சொல்ல வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். விற்கவே கூடாது, சம்மதம் இருந்தாலும் கூடாது. காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும், அல்லது நீங்கள் கடைசியாக அவர்களோடு தொடர்பில் இருந்து 3 வருஷத்துக்குள் அழிக்க வேண்டும், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. கடை, கிடங்கு, தியேட்டர், ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொருந்தும்.

மீறினால் பாதிக்கப்பட்ட ஆளே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். அசட்டையாக மீறினால் 1,000 டாலர், வேண்டுமென்றே மீறினால் 5,000 டாலர், வக்கீல் செலவு தனி. இந்தக் கடைசி வரிதான் இந்தச் சட்டத்தின் பல். அதை யாரும் பிடுங்கவில்லை.

2024 ஆகஸ்ட் 7

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது, தம்பி அதை நம்பி ஏதாவது பேசிவிடுவதற்குள் திருத்துகிறேன்.

"மாட்டேன் என்று தாராளமாகச் சொல்லுங்கள்" என்றேன். சட்டத்தைத் திரும்பப் படித்தேன். எழுத்துச் சம்மதம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வேலை விஷயத்தில் அது வேலைக்கான நிபந்தனையாகவே கையெழுத்து வாங்கப்படலாம் என்று இருக்கிறது. அதாவது, "கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை" என்று முதலாளி சொன்னால் பிப்பா குறுக்கே வராது. கேட்காமல் எடுத்தால்தான் வரும்.

ஆகவே தம்பி, முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். "தாள் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். யூனியன் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். மத நம்பிக்கை காரணமாக மறுப்பவர்களுக்கு வேறு சட்டம் துணை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, கையை ஸ்கேன் செய்வது தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு விரோதம் என்று நின்று, கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறார். ஆனால் அது வேலைப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ். பிப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2024 ஆகஸ்ட் 8

"அக்கா, உங்களுக்கு என்ன நேரடிப் பழக்கம், நீங்கள் வக்கீலா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. நான் சமையலறையில் வேலை பார்த்தவள்.

2016 முதல் மூன்றரை வருஷம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருந்தேன். பெயர் வேண்டாம். காலை 5:30 மணி ஷிப்ட். பின்வாசல் வழியாக உள்ளே போனதும் சுவரில் ஒரு கருப்புப் பெட்டி, டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடி. விரல் பதிந்தால் பச்சை விளக்கு. பதியாவிட்டால் சிவப்பு, கூடவே இரண்டு முறை கீச் கீச் என்று கத்தும். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் மேனேஜர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மூன்று முறை அழுத்தினார். ஒரு தாளும் இல்லை. எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. புது ஊர், புது வேலை, இங்கிலீஷில் எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை.

முதல் மாதம் சரியாக இருந்தது. அப்புறம் பாத்திரம் கழுவும் காரமான சோப்பில் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பெட்டிக்கு என்னைத் தெரியவில்லை. ஏப்ரனில் துடைப்பேன், வாயால் ஊதுவேன், இடது கை விரலை வைப்பேன். எனக்குப் பின்னால் நாலு பேர் குளிரில் வந்து நின்றுகொண்டிருப்பார்கள். கூட வேலை பார்த்த ஒரு மெக்சிகோ அக்காதான் சொல்லிக்கொடுத்தார், மூக்கோரம் விரலைத் தேய்த்துவிட்டு வை என்று. மூக்கோரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் ரேகை எழும்பும். நிஜமாகவே பதிந்தது.

ஆனால் பதிவதற்குள் 5:38 ஆகியிருந்தால் கால் மணி நேரச் சம்பளம் போய்விடும். 5:29க்கு அங்கே நின்றிருந்தேன் என்று சொன்னால், மெஷின் அப்படிச் சொல்லவில்லையே என்பார்கள். மூன்றரை வருஷத்தில் அந்த மாதிரி எத்தனை கால் மணி போனது என்று நான் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருக்க வேண்டும்.

2022இல் ஒரு தபால் அட்டை வந்தது. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன், மகள்தான் எடுத்துப் படித்தாள். அந்த இல்லத்தில் பஞ்ச் பண்ணிய எல்லோர் சார்பிலும் பிப்பா வழக்கு நடந்திருக்கிறது, சமரசம் ஆகியிருக்கிறது, பணம் வேண்டுமானால் படிவத்தை நிரப்பி அனுப்பு என்று இருந்தது. அடுத்த வருஷம் 512 டாலருக்குச் செக் வந்தது. வக்கீல்கள் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர்கள் வழக்குப் போட்டிருக்காவிட்டால் என் விரலுக்கு ஒரு தாள் தேவை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

2024 ஆகஸ்ட் 8, சற்று நேரம் கழித்து

அந்தச் செக்கில் ஊரிலிருந்து ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வரவழைத்தேன். இன்னும் ஓடுகிறது.

2024 ஆகஸ்ட் 11

திருத்தம் எதற்கு வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வெள்ளைக் கோட்டை என்று அர்த்தம் வரும் பெயருள்ள பர்கர் கடை, வொயிட் காசில். அங்கே மேனேஜராக இருந்த ஒரு பெண் வழக்குப் போட்டார். கடையில் 2004 வாக்கிலேயே கைரேகை வந்துவிட்டது, சட்டம் 2008இல் வந்தது, கடை சம்மதம் கேட்டது 2018இல். பத்து வருஷத்துக்கு அவர் எத்தனை முறை விரல் வைத்திருப்பார்? ஒவ்வொரு முறையும் தனித்தனி மீறலா, முதல் முறை மட்டும்தானா? 2023 பிப்ரவரி 17 அன்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: ஒவ்வொரு முறையும் தனி மீறல். 9,500 ஊழியர்கள் சேர்ந்தால் 1,700 கோடி டாலருக்கு மேல் வரும் என்று கடை கணக்குக் காட்டியது. நீதிபதிகளும் தயங்காமல் இல்லை. நஷ்ட ஈட்டை முழுதாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை, சட்டமன்றம் வேண்டுமானால் இதைத் தெளிவாக்கட்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

எனக்கே எவ்வளவு வரும் என்று நேற்று ராத்திரி பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளே, சாப்பாட்டுக்கு வெளியே, திரும்ப உள்ளே, வீட்டுக்கு. ஒரு நாளைக்கு நாலு முறை. வாரம் 5 நாள், வருஷம் 50 வாரம், மூன்றரை வருஷம். 3,500 முறை. ஒன்றுக்கு 1,000 டாலர் என்றால் 35 லட்சம் டாலர்.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நியாயமா? அந்த இல்லத்தில் 80 வயது, 90 வயதுக்காரர்கள் இருந்தார்கள். ஒருத்திக்கே 35 லட்சம் என்றால் அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? திருத்தம் வந்தது சரிதான் என்று படுத்துவிட்டேன். எத்தனை முறை விரல் வைத்தாலும் ஆளுக்கு ஒரு முறைதான் நஷ்ட ஈடு என்கிறது திருத்தம். சம்மதத்தை மின்னணுக் கையெழுத்தாகவும் வாங்கலாம் என்கிறது. அவ்வளவே.

காலையில் எழுந்ததும் மனம் பாதி மாறிவிட்டது. 2008இல் வந்த சட்டத்தைப் பத்து வருஷமாக யார் மதித்தார்கள்? என்னிடம் 2016இல் தாள் நீட்டவில்லையே. எல்லோரும் அவசர அவசரமாகத் தாள் அச்சடித்தது, அந்தப் பெரிய எண்களைப் பார்த்த பிறகுதான். பிஎன்எஸ்எஃப் ரயில்வே வழக்கில் 2022 அக்டோபரில் ஜூரி 45,600 முறை மீறல் என்று சொல்லி, 22.8 கோடி டாலர் தீர்ப்பானது. லாரி ஓட்டுநர்கள் ரயில் யார்டு கேட்டில் விரல் வைத்ததற்காக. பிறகு நீதிபதி அந்தத் தொகையை ரத்து செய்து, கடைசியில் 7.5 கோடியில் சமரசம் ஆனது வேறு விஷயம். அந்தச் செய்தி வந்த மாதத்தில் என் கணவர் அலுவலகத்தில் திடீரென்று படிவம் கொடுத்தார்கள். நான் சொல்வது இதுதான்: தொகை குறைந்தது பரவாயில்லை, கோர்ட் கதவைச் சாத்தியிருந்தால் பொறுத்திருக்க மாட்டேன். சாத்தவில்லை.

2024 ஆகஸ்ட் 12

மேலே "ஆளுக்கு ஒரு முறை" என்றது முழுசாகச் சரியில்லை. சம்மதம் இல்லாமல் எடுத்ததற்கு ஒன்று, சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்ததற்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. என் விரல் அந்த இல்லத்தில் மட்டும் இருக்கவில்லை, டைம் கிளாக், அதாவது அந்தக் கருப்புப் பெட்டியை, விற்ற கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் இருந்தது. ஆகவே இது சின்ன வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் என்று 6ஆம் தேதி எழுதினேன். நர்சாக இருக்கும் என் நாத்தனார் நேற்றுப் போனில் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வார்டில் மருந்து அலமாரி இருக்கிறது. விரலை வைத்தால்தான் இழுப்பறை திறக்கும், எந்த மாத்திரையை யார் எடுத்தார்கள் என்று பதியும். அது பிப்பாவில் வராது என்று 2023 நவம்பரில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சிகிச்சைக்காக எடுப்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருப்பதால். ஆனால் ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோருமே சட்டத்துக்கு வெளியே என்று அர்த்தமில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வங்கிகளுக்கும் விலக்கு உண்டு. அரசாங்கத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. போலீஸ் உங்கள் முகத்தை என்ன செய்கிறது என்பதைப் பற்றி பிப்பா வாய் திறக்காது.

2024 ஆகஸ்ட் 13

என் மகன் (12 வயது) இதைப் படித்துவிட்டு, "அப்போது இந்தச் சட்டத்தால்தான் எனக்கு நாய் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறான். சோனி விற்கும் ஐபோ ரோபோ நாய், வீட்டு ஆட்களின் முகத்தை அடையாளம் கண்டு வாலாட்டும். அதனாலேயே அதை இல்லினாயில் விற்பதில்லை. 2018 ஜனவரியில் கூகுளின் ஓவிய ஆப், நம் செல்ஃபியைப் பார்த்து எந்த ஓவியத்தில் இருப்பவர் நம்மைப் போல இருக்கிறார் என்று காட்டியபோதும் ஊரெல்லாம் விளையாடியது, நமக்கும் டெக்சஸ்காரர்களுக்கும் கிடைக்கவில்லை. நிஜ நாய் முகம் பார்க்காமல் மோப்பத்தாலேயே அடையாளம் காணும், அதற்குப் பிப்பாவில் தடை இல்லை என்று அவனே ஒரு வாதம் வைத்து, நிஜ நாய் கேட்கிறான். வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது.

2024 ஆகஸ்ட் 15

டல்லாஸ் அண்ணன் எழுதியிருக்கிறார்: "எங்கள் டெக்சஸ் போன மாதம் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டாவிடமிருந்து 140 கோடி டாலர் வாங்கியிருக்கிறது. உங்கள் இல்லினாய் 65 கோடிதானே வாங்கியது?"

அண்ணா, அந்த 140 கோடியில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்தது? அது மாநில அரசுக்குப் போகிறது. டெக்சஸிலும் 2009இலிருந்து சட்டம் இருக்கிறது, ஒரு மீறலுக்கு 25,000 டாலர் வரை அபராதம், காகிதத்தில் எங்களுடையதைவிடக் கடுமை. ஆனால் வழக்குப் போடும் உரிமை மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலுக்கு மட்டும்தான். அவர் முதல் வழக்கைப் போட்டது 2022இல். பதின்மூன்று வருஷம் அந்தச் சட்டம் அலமாரியில் இருந்தது. அதே ஃபேஸ்புக்கின் முகம் அடையாளம் காணும் வேலைக்கு எதிராக இங்கே சாதாரண ஆட்கள் 2015இலேயே வழக்குப் போட்டார்கள். 55 கோடி கொடுக்கிறோம் என்று கம்பெனி வந்தபோது, இது போதாது என்று நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. 65 கோடி ஆனது. 2022 மே மாதம் என் கணவர் பெயருக்கு 397 டாலர் வந்தது, எதிர்வீட்டுக்காரருக்கும் வந்தது, மகளின் டீச்சருக்கும் வந்தது. அதற்கு முன்னாலேயே, 2021 நவம்பரில், ஃபேஸ்புக் அந்த ஏற்பாட்டை மூடி நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது.

ஒரு அதிகாரிக்கு நேரம் கிடைக்கும்போது கிடைப்பதை நான் உரிமை என்று சொல்ல மாட்டேன். இங்கே ஒரு 14 வயதுப் பையன் பள்ளிச் சுற்றுலாவில் குர்னியில் இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய், சீசன் பாஸுக்குக் கட்டைவிரல் வைத்துவிட்டு வந்தான். பாஸ் தாள் எங்கே என்று அம்மா கேட்டால், இப்போதெல்லாம் விரல்தான் என்றான். அந்த அம்மா வழக்குப் போட்டார். விரல் திருடு போகவில்லை, பணம் போகவில்லை, என்ன நஷ்டம் என்று பூங்கா கேட்டது. 2019 ஜனவரி 25 அன்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது: கேட்காமல் எடுத்ததே நஷ்டம், வேறு எதையும் நிரூபிக்க வேண்டாம். ரோசன்பாக் தீர்ப்பு என்று இதற்குப் பெயர். இதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற சமையலறைக்காரர்களின் வழக்கெல்லாம் கோர்ட்டில் நிலைத்து நின்றது.

2024 ஆகஸ்ட் 16

அண்ணா, கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். 140 கோடி சின்ன விஷயம் இல்லை, கம்பெனிகள் பயப்படும். நான் சொன்னது யார் கையில் சாவி இருக்கிறது என்பதைப் பற்றி.

2024 ஆகஸ்ட் 25

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் ஆதாருக்குப் பத்து விரலும் கொடுத்துவிட்டு வந்தோம், இங்கே ஒரு விரலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" பல பேர் மனதில் இருக்கும் கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

2023 பொங்கலுக்கு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். நாற்று நட்டுக் களை பறித்தே தேய்ந்த விரல் அம்மாவுக்கு. மெஷினில் வைக்கிறார், சிவப்பு. திரும்ப வைக்கிறார், சிவப்பு. முந்தானையில் துடைக்கிறார், ஊதுகிறார். நான் முதியோர் இல்லத்தில் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் அம்மா செய்துகொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது. "மூக்கோரம் தேயம்மா" என்றேன். தேய்த்து வைத்தார், பதிந்தது. கடைக்காரர் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசாங்கம் கேட்பதும் கம்பெனி கேட்பதும் வேறு வேறு என்பது உண்மைதான். முன்னே சொன்ன மாதிரி இங்கேயும் அரசாங்கம் எடுத்தால் பிப்பா உதவாது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். அடுத்த வருஷ ஆதார் தீர்ப்பில், தனியார் கம்பெனிகள் ஆதார் கேட்பதற்கு வழிவிட்ட பிரிவு அடிபட்டது. ஆகவே ஊரிலும் இந்தக் கவலை இல்லாமல் இல்லை. கேட்டவருக்கு என் பதில்: ஒரு இடத்தில் கொடுத்துவிட்டோம் என்பதற்காக எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டுமா? பாஸ்வேர்டு போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். விரல் போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? சட்டத்தின் முன்னுரையும் இதையேதான் சொல்கிறது.

2024 செப்டம்பர் 9

ஷாம்பர்க் தம்பி படிவத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். தம்பி, கம்பெனி பெயரும் உங்கள் பெயரும் தெரிகிறது, முதலில் அதை எடுங்கள். (எடுத்துவிட்டார்.)

படித்தேன். மூன்று பக்கம். எதற்கு எடுக்கிறார்கள் என்று இருக்கிறது. யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றும் இருக்கிறது, டைம் கிளாக் கம்பெனியின் பெயரோடு. மூன்றாம் பக்கத்தில், வேலையை விட்டு எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற இடத்தில் கோடு போட்டு நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். "இந்த இடம் காலியாக இருக்கிறதே" என்று மட்டும் சொன்னால் போதும். கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.

2024 செப்டம்பர் 12

நிரப்பிக் கொடுத்தார்களாம். 30 நாள். சூப்பர்வைசருக்கே இப்போதுதான் அந்த வரி தெரியுமாம்.

2024 நவம்பர் 17

பேச்சு வேறு பக்கம் போகிறது, ஆனால் சம்பந்தம் உண்டு. மகள் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தாள். ஆள் யாரும் வரவில்லை, போன் கேமராவைப் பார்த்து அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முடித்த பிறகு, "அம்மா, இதை யார் பார்ப்பார்கள்?" என்றாள். 2020 ஜனவரி 1 முதல் இல்லினாயில் இதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அந்த வீடியோவை ஏஐ எடைபோடுவதானால் முன்னாலேயே சொல்ல வேண்டும், எதைப் பார்த்து எடைபோடுகிறது என்று விளக்க வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், அழிக்கச் சொன்னால் 30 நாளில் அழிக்க வேண்டும். அழிக்கச் சொல்லி அவளே மெயில் போட்டாள்.

இது வெறும் அந்தரங்க விஷயம் இல்லை என்று எனக்குப் படுவது இங்கேதான். 2018இல் எம்ஐடியில் நடந்த ஒரு ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர் நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறின. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. என் மகள் என் நிறம். பக்கத்து மிச்சிகனில், டெட்ராய்ட் போலீஸ் 2020 ஜனவரியில், கடிகாரத் திருட்டு வழக்கில் கம்ப்யூட்டர் காட்டிய முகத்தை நம்பி ஒரு கருப்பினத்தவரை அவருடைய மனைவி, பெண் குழந்தைகள் கண்முன் விலங்கு போட்டுக் கூட்டிப்போனது. ஆள் அவரில்லை. சுமார் 30 மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். கால் மணிச் சம்பளம் போனதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் ஆள் சொன்னதைவிட மெஷின் சொன்னது பெரிதாகிவிட்டது.

ஆகஸ்ட் 9 அன்று பிரிட்ஸ்கர் இன்னொன்றிலும் கையெழுத்துப் போட்டதை இங்கே யாரும் பேசவில்லை. மாநில மனித உரிமைச் சட்டத்தில் திருத்தம். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, வேலையிலிருந்து நீக்குவது இதிலெல்லாம் ஏஐ காரணமாகப் பாகுபாடு விளைந்தால் அது சட்டவிரோதம். ஜிப் கோடை வைத்து இனத்தை ஊகித்து ஒதுக்குவதும் கூடாது. ஏஐ பயன்படுத்தினால் சொல்லியாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அமல்.

2025 ஜூலை 2

தூங்கவில்லை. மாநிலங்கள் பத்து வருஷத்துக்கு ஏஐ சட்டமே போடக்கூடாது என்று வாஷிங்டனில் பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு வரியைச் சொருகியிருந்தார்கள். அது நிறைவேறியிருந்தால் மேலே நவம்பரில் எழுதியது எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நேற்று செனட் அந்த வரியை 99க்கு 1 என்று நீக்கிவிட்டது. இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு விஷயத்தில் இப்படி நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

2025 செப்டம்பர் 3

கொலராடோவில் இருப்பவர்களுக்கு: உங்கள் ஏஐ பாகுபாட்டுச் சட்டம், 2024 மே மாதம் கையெழுத்தானது, 2026 பிப்ரவரியில் அமலுக்கு வருவதாக இருந்தது. 2026 ஜூன் 30க்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளிப்போட்ட சட்டத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளுவார்கள். உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்.

2026 ஜனவரி 4

ஷாம்பர்க் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார், வாழ்த்துகள். பழைய கிடங்குக்கு, "என் கைரேகையை அழித்துவிட்டீர்களா?" என்று 30ஆம் நாள் மெயில் போட்டிருக்கிறார். இரண்டே வரியில் பதில்: இன்ன தேதியில் அழிக்கப்பட்டது, டைம் கிளாக் கம்பெனியிடமும் அழிக்கப்பட்டது. படம் எடுத்துப் போட்டிருக்கிறார், இந்த முறை பெயரை மறைத்து.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் அந்த முதியோர் இல்லத்தை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. செக் வந்தது, கிரைண்டர் வந்தது. விரல் என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை. இன்று காலை ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், மகள் இங்கிலீஷைச் சரிபார்த்தாள். நாளை தபால் நிலையத்தில் ரிஜிஸ்டரில் போடுகிறேன். அந்த மெக்சிகோ அக்காவுக்கும் போன் செய்து சொன்னேன், அவரும் ஒன்று அனுப்புகிறாராம். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.